மலையுச்சியும் வழித்துணையும்

ஸ்ரீ:

கொங்கு நாட்டின் நடுவே மேட்டு நிலமாகப் பரந்து கிடக்கும் பல்லடத்தில் நின்று நோக்குவோர்க்கு, மலை என்பது அடிவானில் தோன்றும் ஒரு நீலக்கோடேயாகும். மழை பெய்து வானம் தெளிந்த நாளில், மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகள் தொலைவில் மங்கலாகத் தெரியும். தறியின் ஓசை ஓயாத ஊர் இது. ஆடிக்காற்று அலைக்கழிக்கும் ஊர் இது. ஆயினும் இவ்வூரார் நெஞ்சில் மலைக்கு என்றும் ஓர் இடம் உண்டு. தைப்பூசம் வந்தால் பழனிக்குக் காவடி கட்டிப் புறப்படுவோரும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் குடிகொண்ட குன்றுகளை நாடிச் செல்வோரும் இங்கே குறைவின்றி உள்ளனர். அவ்வாறு செல்வோர் பெரும்பாலும் தனியே செல்வதில்லை. பங்காளிகளோ, மாமன் மைத்துனரோ, பாலிய நண்பரோ உடன் செல்வர். துணையோடு புறப்படுதல் யாத்திரையின் இலக்கணம்.

இவ்வாறு துணையோடு மலையேறுவதில் ஒரு கேள்வி எழுவதுண்டு. கேட்ட அளவில் அது சிறியதாகத் தோன்றும். ஆராயப் புகுந்தாலோ இதிகாசங்கள் இரண்டையும் தொட்டு நிற்கும். இருவர் சேர்ந்து மலையேறுகின்றனர். ஒருவருக்குக் கால் வலிமை உண்டு, மற்றவருக்கு இல்லை. உச்சியில் காணவேண்டிய காட்சியோ சில நிமிடங்களே நிற்பது. வலியவர் முன்னே விரைந்து அதனைக் காண்பது முறையா? பின்தங்கியவருடன் நின்று அதனை இழப்பது முறையா? தருமம் எப்பக்கம் நிற்கிறது?

வானில் நிகழும் சந்திப்பு

கோயம்புத்தூருக்கு வடக்கே, பெரியநாயக்கன்பாளையத்தை அடுத்து எழுவது பாலமலை. அங்கே அரங்கநாதப் பெருமாள், செங்கோதை, பூங்கோதை என்னும் நாச்சிமார் இருவருடன் சேவை சாதிக்கிறார். மலையிலும் அதன் சாரலிலும் இருளர் குடியிருப்புகள் உள்ளன. சித்திரா பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் தேர்த்திருவிழாவுக்குக் கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்தும் சேவார்த்திகள் திரளுகின்றனர். இன்று வண்டிகள் செல்லப் பாதை இருப்பினும், நேர்ந்துகொண்டு நடந்தே ஏறுவோரும் உளர்.

அன்று மாலையில் ஏறுவோர்க்கு வானம் ஒரு காட்சியை வைத்திருக்கிறது. மேற்கே உயர்ந்த முகடுகள் நிற்பதால், கதிரவன் சமவெளியில் மறைவதற்கு முன்னரே அங்கு மலைக்குப் பின்னே ஒதுங்கிவிடுகிறான். கிழக்கிலோ கோவைச் சமவெளி தடையின்றித் திறந்து கிடக்கிறது. ஒருபுறம் முகட்டின் விளிம்பில் செம்மை படர்ந்திருக்க, மறுபுறம் சமவெளியின் புழுதிப் படலத்தினின்று முழுநிலவு எழுகின்றது. ஒரே இடத்தில் நின்று இப்பக்கமும் அப்பக்கமும் திரும்பினால் பகலின் முடிவையும் இரவின் தொடக்கத்தையும் ஒருசேரக் காணலாம்.

இக்காட்சி எல்லா நாளும் வாய்ப்பதன்று. பூமிக்கு ஒருபுறம் சூரியனும் மறுபுறம் சந்திரனும் நேரெதிராக, 180 பாகை விலகி நிற்கும் பொழுதே பௌர்ணமி. ஆகவே ஒன்று மேற்கில் இறங்கும் வேளையில் மற்றொன்று கிழக்கில் ஏறுகிறது. முந்திய நாள் மாலையில் சந்திரன் வெயில் இருக்கும்பொழுதே எழுந்துவிடும். மறுநாளோ ஏறத்தாழ 50 நிமிடங்கள் பிந்தி, இருள் சூழ்ந்த பின்னரே வரும். பௌர்ணமியன்று மட்டுமே இவ்விரண்டும் ஒரு வேளையில் பொருந்துகின்றன. அந்த வேளையும் மிகக் குறுகியது. நிலவின் மேல்விளிம்பு தொடுவானில் தோன்றியது முதல் அதன் வட்டம் முழுவதும் வெளிப்படுவதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிடங்களே ஆகின்றன. பத்து நிமிடங்களில் அது தன் விட்டத்தைப் போல் நான்கைந்து மடங்கு உயர்ந்துவிடுகிறது. எழுகையில் இருந்த செம்பொன் நிறமும் சிறிது சிறிதாக வெளுத்துப்போகிறது.

எனவே மேற்கூறிய கேள்வி வெறும் கற்பனையன்று. பல்லடத்தில் தறி நடத்தும் ஒருவரும், அவருடன் ஒரே திண்ணைப் பள்ளியில் படித்த நண்பர் ஒருவரும் அன்று மாலை மலையேறுவதாகக் கொள்க. நண்பருக்கு முழங்காலில் நோவு. பாதி வழியில் ஒரு பாறையில் அமர்ந்துவிடுகிறார். நேரம் ஆறேகால் ஆகிறது. இன்னும் ஒரு திருப்பம் ஏறினால் கிழக்குவானம் தெரியும். மரங்கள் அடர்ந்த இந்த இடத்திலிருந்தோ ஒன்றும் தெரியாது. “நீ முன்னே போ, நான் மெல்ல வருகிறேன்” என்கிறார் நண்பர். மற்றவர் என்ன செய்தல் தகும்?

முன்னே செல்வதற்கான நியாயம்

முன்னே செல்வதில் குற்றமில்லை என்று வாதிடுவோர் பக்கத்தில் வலிய நியாயங்கள் இல்லாமலில்லை. முதலாவது, முன்னே செல்பவர் யாருக்கும் எத்தீங்கும் செய்யவில்லை. நண்பரின் முழங்கால் நோவை அவர் உண்டாக்கவில்லை. உடன் அமர்வதால் அது தீரப்போவதும் இல்லை. இரண்டாவது, நண்பரே மனமுவந்து விடை கொடுத்துவிட்டார். மூன்றாவது, இருவரில் ஒருவராவது காட்சியைக் காண்பது, இருவருமே காணாதிருப்பதைவிட நன்று; கண்டவர் திரும்பி வந்து கண்டதைச் சொல்லவும் கூடும். நான்காவது, ஆன்ம லாபம் என்பது அவரவர் தனித்தனியே தேடிக்கொள்வது என்றும், அதற்கு இன்னொருவருக்காகக் காத்திருத்தல் தகாது என்றும் கூறுவர்.

இவற்றுள் மூன்றாவது நியாயமே கூர்மையானது. அது தன்னலத்தின் குரலன்று. நண்பனின் பொருட்டே முன்னே செல்வதாகச் சொல்கிறது. ஆதலால் அதற்கு விடை காண்பது எளிதன்று. அந்த விடையை ஆதிகாவியம் ஒரு மலையுச்சியில், இதே அந்திப்பொழுதை அடுத்து, வைத்திருப்பது வியப்பு.

சுவேல மலையில்

கடலில் அணை கட்டி இலங்கைக் கரையை அடைந்த இராமபிரான், போர் தொடங்குமுன் சுவேல மலையின் மீது ஏறுகிறார். இளைய பெருமாளும், சுக்ரீவனும், விபீடணனும், அனுமன் அங்கதன் முதலிய வானர வீரரும் உடன் ஏறுகின்றனர். மலைமீது நின்று இலங்கையின் மதில்களைக் காணும்பொழுதே அந்தியின் செம்மையோடு கதிரவன் மறைகிறான். முழுமதியே விளக்காக இரவு வந்து சேருகிறது. வான்மீகி முனிவர் யுத்த காண்டத்தில் இதனைச் சொல்லியுள்ளார். நண்பர்கள் சேர்ந்து மலையேறி, கதிர் மறைவதையும் மதி நிலவுவதையும் கண்டு, அவ்விரவை அங்கேயே கழித்தனர் என்பது காவியத்தின் மிக அமைதியான இடங்களுள் ஒன்று. மறுநாள் தொடங்கவிருப்பது கொடும் போர்; ஆயினும் அந்த இரவு அவர்கள் உடனிருந்த இரவு.

பின்னர், மலைமுடியில் நின்று நோக்குகையில் எதிரே கோபுரத்தின் மீது வெண்கொற்றக் குடையோடு நிற்கும் இராவணன் கண்ணில் படுகிறான். கண்ட அளவில் சுக்ரீவன் பொறுக்கமாட்டாதவனாகிறான். யாரிடமும் சொல்லவில்லை, விடை பெறவில்லை. மலைமுடியிலிருந்து ஒரே தாவாகத் தாவி இராவணன் மேல் பாய்ந்து, அவன் மகுடத்தைப் பற்றி இழுத்துக் கீழே தள்ளுகிறான். இருவரும் நெடுநேரம் மற்போர் புரிகின்றனர். இராவணன் மாயையில் இறங்கப் போவதை உணர்ந்ததும் சுக்ரீவன் மீண்டும் தாவி இராமபிரான் அருகே வந்து சேருகிறான். கம்பநாட்டாழ்வார் இந்நிகழ்ச்சியை மகுட பங்கப் படலமாக விரித்துப் பாடி, அவ்வேளையில் இராமபிரான் பட்ட தவிப்பையும் காட்டியுள்ளார்.

சுக்ரீவன் செய்தது தன்னலத்துக்காக அன்று; நண்பனின் துயரைக் காணப் பொறாமல் செய்தது. செய்த காரியம் தோல்வியிலும் முடியவில்லை. பகைவனின் மகுடம் மண்ணில் விழுந்தது. சென்றவன் உயிரோடு மீண்டான். உலக வழக்கப்படி இதற்குப் பாராட்டே கிடைத்திருக்க வேண்டும். இராமபிரானோ முதலில் அவனைத் தழுவிக்கொள்கிறார், அவன் உடலிலிருந்த போர்த் தழும்புகளைப் பார்க்கிறார், பின்னர் கடிந்துகொள்கிறார். தம்மைக் கலந்துகொள்ளாமல் இத்தகைய துணிவான செயலில் இறங்கியது தகாது என்கிறார். அவனுக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், அதன்பின் சீதையால் தமக்கு ஆவதென்ன, தம்பியரால் ஆவதென்ன, தம் உடலால்தான் ஆவதென்ன என்று கேட்கிறார். இராவணனை வென்று, விபீடணனுக்கு இலங்கையையும் பரதனுக்கு நாட்டையும் அளித்துவிட்டு, உடலை விட்டுவிடுவதாகவே உறுதி பூண்டிருந்ததாகவும் கூறுகிறார்.

வைணவ உரையாசிரியர்கள் நெஞ்சுருகி எடுத்தாளும் இடம் இது. எந்தப் பிராட்டியின் பொருட்டுக் கடலைக் கடந்து வந்தாரோ, அந்தப் பிராட்டியை மீட்பதே உச்சி. அந்த உச்சியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே, உடன் வந்த ஒருவனை இழந்து அதனை அடைவதில் பொருளில்லை என்று எம்பெருமான் திருவாய் மலர்ந்தருளினார். காரியம் வென்றதா என்பதை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. சொல்லாமல் பிரிந்தாயே என்பதே அவர் கேட்டது. நண்பனின் பொருட்டே முன்னே செல்கிறேன் என்னும் மூன்றாவது நியாயத்துக்கு இதுவே விடை. யாருக்காகச் செல்வதாகச் சொல்கிறோமோ, அவர் பின்னே நின்று என்ன பாடுபடுவார் என்பதையும் சேர்த்தே அந்தச் செலவைக் கணக்கிட வேண்டும்.

இங்கே ஒன்றைக் குறிக்க வேண்டும். இராமபிரான் சுக்ரீவனைத் தள்ளிவிடவில்லை. பகைவனைக் கண்டபின் தன் வலிமையை அறிந்த தான் எவ்வாறு பொறுத்திருப்பது என்று அவன் விடை சொன்னதும், அவனைக் கொண்டாடவும் செய்தார். முன்னே ஓடியவனிடமும் அன்பு உண்டு என்பதை அறிந்தே அவர் கடிந்தார்.

திரும்பிப் பாராது சென்றவர்

இதற்கு மாறாக மகாபாரதத்தை எடுத்துக்காட்டுவோர் உளர். பதினேழாவது பருவமான மகாப்பிரஸ்தானிக பருவத்தில் தருமபுத்திரர் தம்பியர் நால்வரோடும் திரௌபதியோடும் இமயத்தைக் கடந்து மேருவை நோக்கி நடக்கிறார். நாய் ஒன்றும் பின்தொடர்கிறது. முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகதேவன், நகுலன், அருச்சுனன், இறுதியில் பீமன். ஒவ்வொருவர் விழும்பொழுதும் அதற்குரிய காரணத்தைச் சொல்லிவிட்டுத் தருமபுத்திரர் திரும்பிப் பாராமல் மேலே நடக்கிறார். தருமமே உருவானவர் இவ்வாறு செய்தாரெனில், உச்சியே பெரிது, உடன் வந்தவர் பெரிதல்லர் என்றுதானே கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தை மகாபாரதமே எழுப்பி விடையும் கூறியிருக்கிறது. தேரோடு வந்து அழைக்கும் இந்திரன், நாயை விட்டுவிட்டு வரச் சொல்கிறான். அன்பு பூண்டு அடைந்ததை விடமாட்டேன் என்கிறார் தருமபுத்திரர். உடனே இந்திரன், தம்பியரையும் மனைவியையும் வழியில் விட்டு வந்தவர் ஒரு நாயை விடமாட்டேன் என்பது என்ன நியாயம் என்று கேட்கிறான். இறந்தவரோடு கூடுதலும் இல்லை, பிரிதலும் இல்லை. அவர்களை உயிர்ப்பிக்கத் தம்மால் இயலாது. உயிரோடிருக்கையில் அவர்களைத் தாம் விட்டதில்லை என்கிறார் தருமபுத்திரர். அடைக்கலம் என்று வந்தவனை அஞ்சவைப்பதும், நண்பனுக்குத் துரோகம் செய்வதும் போன்ற கொடுமைகளுக்கு ஈடானது அன்பனைக் கைவிடுதல் என்றும் கூறுகிறார். நாயாக வந்தது தருமதேவதையே என்பது யாவரும் அறிந்ததே.

எனினும் கற்போர் நெஞ்சில் ஓர் உறுத்தல் நின்றுவிடுகிறது. பீமன் விழுந்த பின்னரும், தான் ஏன் விழுந்தேன் என்று கேட்கிறான். கேட்கும் அளவுக்கு அவனிடம் உயிர் இருந்தது. அண்ணன் காரணத்தைச் சொன்னார், நிற்கவில்லை. இந்த உறுத்தலையும் வியாச பகவான் விட்டுவைக்கவில்லை. பதினெட்டாவது பருவமான சுவர்க்காரோகண பருவத்தில் தருமபுத்திரர் சுவர்க்கம் சென்று பார்க்கையில், அங்கே துரியோதனன் வீற்றிருக்கிறான்; தம்பியரைக் காணவில்லை. அவர்கள் இருக்குமிடத்துக்கே செல்ல வேண்டும் என்கிறார். இருளும் துர்நாற்றமும் நிறைந்த வழியில் தேவதூதன் அழைத்துச் செல்கிறான். பொறுக்கமாட்டாமல் அவர் திரும்ப எத்தனிக்கையில் இருளிலிருந்து குரல்கள் எழுகின்றன. அவர் மேனியைத் தொட்டு வரும் காற்று தங்களுக்கு ஆறுதலளிப்பதாகவும், ஒரு முகூர்த்தமேனும் நிற்க வேண்டும் என்றும் அவை இறைஞ்சுகின்றன. யாரென்று கேட்க, கர்ணன், பீமன், அருச்சுனன் என்று பெயர்கள் வருகின்றன. தருமபுத்திரர் அங்கேயே நின்றுவிடுகிறார்; சுவர்க்கம் வேண்டாம் என்று தூதனை அனுப்பிவிடுகிறார். அவர் நின்ற பின்னரே இருள் விலகுகிறது.

மலையில் நிற்காமல் நடந்தவரை நரகத்தில் நிற்கவைத்தது இதிகாசம். திரும்பிப் பாராமை அவருடைய கதையின் முடிவன்று; ஒரு முகூர்த்தம் நின்றதே முடிவு. ஒரு முகூர்த்தம் என்பது 48 நிமிடம். பௌர்ணமிக்கு மறுநாள் நிலவு பிந்தி எழும் காலமும் ஏறத்தாழ அவ்வளவே.

நிற்பதிலும் ஒரு பிழை உண்டு

அப்படியாயின் உடன் நின்றுவிட்டால் போதுமா? போதாது. பாறையில் அமர்ந்த நண்பரின் அருகில் நிற்கிறார் ஒருவர், ஆனால் நிமிடத்துக்கொருமுறை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், மேலே உள்ள திருப்பத்தைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். இறங்கி வந்தபின், உனக்காகத்தான் இழந்தேன் என்று பத்து ஆண்டுகளுக்குச் சொல்லிக் காட்டுகிறார். இவர் கால்தான் நின்றது. மனம் எப்பொழுதோ மேலே போய்விட்டது. நின்றதைக் கடனாகக் கணக்கெழுதி வைப்பவர், விட்டுச் சென்றவரைவிட ஒருவகையில் கடுமையானவர். விட்டுச் சென்றவர் நண்பரைத் தனிமையில் வைத்தார். இவர் நண்பரைக் குற்றவாளியாக வைத்தார்.

வடமொழியில் அமாவாஸ்யா என்னும் சொல்லுக்குச் சேர்ந்து வசித்தல் என்று பொருள். சூரியனும் சந்திரனும் வானில் ஒரே பக்கம் கூடியிருக்கும் நாள் அது. ஆயினும் அன்று சந்திரனின் ஒளிமுகம் பூமியிலுள்ளோர்க்குத் தெரிவதில்லை. பௌர்ணமியிலோ இரண்டும் மிகவும் விலகி, எதிரெதிரே நிற்கின்றன. அன்றுதான் முகம் முழுதும் ஒளிர்கிறது. அருகில் இருத்தல் வேறு. முகம் நோக்கி இருத்தல் வேறு. நட்புக்கு வேண்டியது பின்னது.

பின்தங்கியவருக்கும் கடமை உண்டு. தம் நோவைக் கயிறாக்கி நண்பரைக் கட்டிப்போடுதல் தகாது. போய் வா என்று சொல்வதாயின் உள்ளன்போடு சொல்ல வேண்டும். போய்விட்டால் முகம் வாடுவதும், போகாவிட்டால் அதை உரிமையாக எண்ணுவதும் நட்பாகா. அவ்வாறு உள்ளன்போடு அனுப்பிவைத்தால், முன்னே செல்பவர் செல்வதில் பிழையில்லை. அது அவருடைய வலிமையால் கிடைத்ததன்று, நண்பர் அளித்த கொடை என்று அறிந்து செல்லட்டும், பாதுகாவலான இடத்தில் அவரை அமர்த்திவிட்டு, இன்ன நேரத்துக்குள் திரும்புவேன் என்று சொல்லிச் செல்லட்டும், சொன்னபடி திரும்பட்டும். சுக்ரீவனிடம் குறையாக நின்றது தாவியது அன்று, சொல்லாமல் தாவியதே.

மலை கேட்கும் விலை

மலைவழியில் இக்கேள்வி மனத்தளவில் நின்றுவிடுவதில்லை, உயிரளவுக்கும் செல்லும். கோவையைச் சூழ்ந்த மலைச்சாரல்கள் யானைகள் நடமாடும் காடுகள். அந்தியில் அவை நீர் தேடி வழியில் இறங்குவதுண்டு. கூட்டத்தினின்று பிரிந்து தனியே நிற்பவருக்கே ஆபத்து மிகுதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. சென்னையிலிருந்து சென்றோரும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்றோரும் அக்குழுக்களில் இருந்தனர். அந்த ஆண்டிலேயே மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகளை வகுத்தது. வனத்துறையின் அனுமதியும், வழி தெரிந்தவரின் துணையும், இருட்டுமுன் இறங்கும் ஒழுங்கும் இன்றியமையாதவை. விதிகள் வழியைக் காக்கும். ஒருவரையொருவர் விட்டுவிடாதிருக்கும் எண்ணத்தை மட்டும் நடப்பவர்தாம் கொண்டுவர வேண்டும்.

கண்ட காட்சியின் மதிப்பையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பத்து நிமிடம் பிந்தி உச்சியை அடைந்தால் இழப்பது எது? நிலவையன்று, நிலவு அங்கேயே இருக்கிறது, சற்று உயர்ந்து, முன்னினும் வெளிச்சமாக. இழப்பது இரண்டும் பொருந்திய அந்தக் கணத்தை மட்டுமே. அது பெரிய இழப்பில்லை என்று கூறுவது பொய்யாகும். அழகானதை இழப்பது இழப்பே. பன்னிரண்டு மாதம் காத்திருந்து ஏறியவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அடுத்த சித்திரையிலும் முழுநிலவு எழும். ஐம்பது ஆண்டு நட்போ, ஒரு மாலையில் பாறையின்மேல் தனியே விடப்பட்டதை எளிதில் மறப்பதில்லை.

இடைகழியில் கிடைத்த தரிசனம்

இவ்வளவும் நட்பைப் பற்றியே. தெய்வ தரிசனத்துக்கு இது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பெருமாளைச் சேவிக்க விரைபவர் மனிதருக்காக நிற்கலாமோ என்பது அந்த ஐயம். அதற்குத் திருக்கோவலூர் விடை சொல்லும். மழையிரவில் ஓர் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். ஒருவர் படுக்கும் இடம் அது. பூதத்தாழ்வார் வந்தார், படுத்தவர் எழுந்து இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வார் வந்தார், அமர்ந்தவர் எழுந்து மூவரும் நின்றனர். ஒருவர்க்கொருவர் முன்பின் அறியாதவர். எனினும் இடமில்லை என்று எவரும் சொல்லவில்லை. அதன்பின்னரே நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர், எம்பெருமானைக் கண்டனர். முதலில் வந்தவர் படுத்த இடத்தை விடாதிருந்தால் அவர் வசதியாக உறங்கியிருப்பார்; அவ்வளவே. திவ்வியப் பிரபந்தத்தின் முதல் மூன்று அந்தாதிகளும் அந்த நெருக்கத்தில் பிறந்தவை.

மதுரையை அடுத்த திருமோகூரில் எழுந்தருளியிருக்கும் காளமேகப் பெருமாளை வழித்துணைப் பெருமாள் என்றே அடியார்கள் வழங்குவர். போய்ச் சேரும் இடமாக மட்டுமின்றி, உடன் நடப்பவனாகவும் எம்பெருமான் இருக்கிறான் என்பது அத்திருநாமத்தின் பொருள். அவன் உடன் நடக்கையில், அவனைக் காணும் பொருட்டு உடன் நடப்பவரை விட்டு ஓடுவதில் என்ன பயன்?

திருவிழாவுக்கு வந்துள்ள சேவார்த்திகள் இன்று மலையேறவில்லை எனினும், இக்கேள்வி அவர்களைச் சூழ்ந்தே நிற்கிறது. கருட சேவைக்குத் திரை விலகும் வேளையில் முன்வரிசைக்கு முந்துவோரும், அந்த நெரிசலில் கைத்தடியோடு பின்னே தள்ளப்படும் முதியோரும் ஒரே பிராகாரத்தில்தான் நிற்கின்றனர். தாயாரையோ, கால் தளர்ந்த அண்டை வீட்டாரையோ கைப்பிடித்து அழைத்து வந்தவர், திரை விலகும் அந்த நொடியில் கையை விடாதிருத்தல் வேண்டும். முன்னே நிற்பவரின் தோளுக்கு மேல் அவர்களுக்குத் திருமுடி மட்டுமே தெரியலாம். தீபம் காட்டுவது தெரியாமலும் போகலாம். கைப்பிடித்து நிற்கும் இருவரையும் பெருமாள் பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர் அனைவரும் வந்தவாறே, ஒருவர் குறையாமல், இல்லம் சேர எம்பெருமான் திருவுள்ளம் உகப்பானாக.

சுபம்.